சத்தமும் தொடுதலும் தாங்க முடியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்லும் சத்தம், நாற்காலி இழுபடும் ஒலி, காலரில் உறுத்தும் டேக், சாக்ஸின் தையல். இவற்றைத் தாங்க முடியாதவர்களும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பிரச்சினை திடீரென்று தொடங்கியிருந்தால் நேராக 15ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. எல்லாருக்கும்தான் சில சத்தம் பிடிக்காது. இவ மட்டும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்றா?

பிடிக்காமல் இருப்பது வேறு, உடம்பு தானாக எகிறுவது வேறு. கரும்பலகையில் நகம் கீறினால் யாருக்கும் உடம்பு கூசும். அடுத்த நிமிடம் மறந்துவிடுவோம். உணர்திறன் மிகுந்தவருக்கு அதே கூச்சம் தட்டில் கரண்டி உரசினாலும் வரும், பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினாலும் வரும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், உள்ளங்கை வியர்க்கும். இதையெல்லாம் கருவி வைத்து அளக்க முடியும். நினைத்த நேரத்தில் நடித்துக் காட்டுகிற விஷயம் இல்லை.

பழகிப்போவதிலும் வித்தியாசம் இருக்கிறது. ஒரே தொடுதல் தொடர்ந்து வந்தால் மூளை கொஞ்ச நேரத்தில் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். காலையில் போட்ட சட்டை உடம்பில் இருப்பதே மதியம் நமக்கு நினைவிருப்பதில்லை. இவர்களில் பலருக்கு அந்த விடுதலை தாமதமாக வரும், அல்லது வராது. பத்தாவது நிமிடமும் முதல் நிமிடம் போலவே உறுத்தும்.

2. எனக்கு பெரிய சத்தமெல்லாம் ஓகே. பக்கத்துல யாராவது மென்னா மட்டும் கொலைவெறி வருது. இது காது நோயா?

பெரும்பாலும் காதில் கோளாறு இருக்காது. ஒலி தாங்காமையில் மூன்று வகை உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான வழியில் மாதக்கணக்கில் அலைகிறார்கள். நீங்கள் சொல்வது மிசோபோனியா. இதில் ஒலியின் அளவு பொருட்டே இல்லை. மெல்லுவது, உறிஞ்சுவது, மூச்சு, பேனாவை டிக் டிக் என்று அமுக்குவது போன்ற குறிப்பிட்ட ஒலிகள் கோபத்தையோ அருவருப்பையோ கிளப்பிவிடும். பெரும்பாலும் பதின்ம வயதை ஒட்டித் தொடங்கும். 2001இல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள், வல்லுநர்கள் கூடி ஒரு பொது வரையறை கொண்டுவந்தது 2022இல். ஆகவே உங்கள் மருத்துவர் இதைக் கேள்விப்படாமல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஹைப்பரகூசிஸ் இரண்டாவது வகை. மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கும் ஒலியே இவர்களுக்கு அலறலாக, சில சமயம் வலியாக விழும். யார் எழுப்பிய ஒலி என்பது இங்கே முக்கியமில்லை, அளவுதான் முக்கியம். மூன்றாவது போனோபோபியா: ஒலி வந்துவிடுமோ என்ற பயமே ஆளை முடக்கிவிடும். ஒருவருக்கே இரண்டு வகை சேர்ந்தும் இருக்கலாம்.

3. என்னோடது எந்த வகைன்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். என்ன ஒலி, யார் எழுப்பியது, எவ்வளவு தூரத்தில், முதலில் வந்தது வலியா கோபமா பயமா, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. கடைசி இரண்டைப் பலர் விட்டுவிடுவார்கள். தூக்கக் குறைவும் பசியும் தலைவலியும் சேரும் நாட்களில் எல்லா வகையும் மோசமாகும். அது தெரியாவிட்டால் தப்பான ஒலியின் மேல் பழி போய்விடும்.

வார முடிவில் படித்துப் பாருங்கள். யார் செய்தாலும், எந்த ஒலியானாலும், சத்தம் கூடக் கூடத் தொல்லை கூடினால் ஹைப்பரகூசிஸ் பக்கம். மெல்லிய ஒலிகூட, அதுவும் குறிப்பிட்ட சிலர் எழுப்பினால் மட்டும் கொதிக்க வைத்தால் மிசோபோனியா பக்கம். ஒலி வராத நேரத்திலும் அதையே எதிர்பார்த்து வெளியே போகாமல் இருந்தால் பயம் கலந்திருக்கிறது. இந்தக் குறிப்போடு ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) போனால், கேட்கும் திறனையும் எந்த டெசிபெல்லில் (ஒலி அளவின் அலகு) தாங்க முடியாமல் போகிறது என்பதையும் அளந்து சொல்வார்.

4. அப்ப என் பையனுக்கு ஆட்டிசமா?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புலன் உணர்வு மிகுதி அல்லது குறைவு 2013 முதல் ஆட்டிசத்தைக் கண்டறிய டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு தரும் அளவுகோல்களில் ஒன்று. ஆனால் அது பல அடையாளங்களில் ஒன்றுதான். கவனக் குறைபாடு, பதற்றக் கோளாறு, ஒற்றைத் தலைவலி, தலையில் அடிபட்ட பின்விளைவு ஆகியவற்றிலும் இது வரும். வேறு எதுவும் இல்லாமலும் வரும். பேச்சு, பழகும் விதம், ஒரே மாதிரியான செயல்கள் ஆகியவற்றிலும் கேள்வி இருந்தால் வளர்ச்சிநிலைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. காதடைப்பான் வாங்கினேன், ஒன்னும் குறையல. அட்டையில 33 டெசிபெல்னு போட்டிருக்கே?

அந்த எண் ஆய்வுக்கூடத்தில் சரியாகப் பொருத்தி எடுத்தது. வீட்டில் பாதி கிடைத்தாலே பெரிது, காரணம் பொருத்தும் முறை. ஃபோம் வகையைச் சுத்தமான விரல்களால் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் துளை நேராகும். உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை 30 வினாடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காதை மூடிப் பாருங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் அடைப்பு சரியில்லை, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

ஃபோம் கூர்மையான ஒலிகளை அதிகமாகவும் கனத்த ஒலிகளைக் குறைவாகவும் தடுக்கும். அதனால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பேசிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்துக்கு இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டி வகை ஏற்றது. அது 10 முதல் 20 டெசிபெல்வரை ஓரளவு சமமாகக் குறைக்கும். கேட்க அற்பமாகத் தெரியலாம், ஆனால் 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானது போல இருக்கும். சாப்பிடும்போது உங்கள் மெல்லும் சத்தமே உள்ளே முழங்கினால் அடைப்பான் ஆழமாகப் போகவில்லை என்று அர்த்தம்.

6. விலை அதிகமான ஹெட்ஃபோன் போட்டும் கரண்டி சத்தம் அப்படியே கேக்குது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. ஒலியை எதிர் ஒலியால் அழிக்கும் ஹெட்ஃபோன்கள் ஒரே சீராக ஓடும் கனத்த ஒலிகளுக்கு நன்றாக வேலை செய்யும்: மின்விசிறி, என்ஜின், ஏசி. ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு (ஒலி ஒரு வினாடியில் அதிரும் எண்ணிக்கை, அது கூடினால் ஒலி கூர்மையாகும்) மேல் அதன் பலம் குறைந்துவிடும். திடீரென்று வந்து போகும் கூர்மையான ஒலியை அதனால் பிடிக்க முடியாது. பின்னணி இரைச்சல் போய்விடுவதால் கரண்டி சத்தம் முன்பைவிடத் துல்லியமாகக்கூடக் கேட்கும்.

அப்படியானால் மேலே ஒரு மறைப்பொலி போடுங்கள். மழைச் சத்தம் அல்லது கனத்த இரைச்சலை, தொல்லை தரும் ஒலியை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காமல், அதன் விளிம்பு மழுங்கும் அளவுக்கு மட்டும் வைத்தால் போதும். பலர் செய்யும் தவறு, அதையும் மீறிச் சத்தமாக வைப்பது. 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை.

7. அப்ப நாள் முழுக்க அடைப்பான் போட்டுக்கிட்டா நிம்மதிதானே?

இதுதான் பெரிய பொறி, குறிப்பாக ஹைப்பரகூசிஸ் உள்ளவர்களுக்கு. வெளியிலிருந்து வரும் ஒலி குறைந்தால் மூளை உள்ளே ஒலியைக் கூட்டிக்கொள்ளும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு சாரார் இரண்டு வாரம் கிட்டத்தட்ட நாள் முழுவதும் காதடைப்பான் போட்டிருந்தார்கள், இன்னொரு சாரார் மெல்லிய இரைச்சல் தரும் கருவி மாட்டியிருந்தார்கள். அடைப்பான் போட்டவர்களுக்கு ஒலிகள் முன்பைவிடச் சத்தமாகத் தெரிந்தன. இரைச்சல் கேட்டவர்களுக்கு நேர்மாறு.

ஆகவே வேண்டிய நேரத்துக்கு மட்டும் போடுங்கள். உலோகம் அறுக்கும் இடம், கை உலர்த்தும் இயந்திரம், கூட்டம் நிறைந்த கூடம். முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 85 டெசிபெல்லில் 8 மணி நேரத்துக்கு மேல் என்றால் யாருக்குமே பாதுகாப்பு அவசியம், அது வேறு கணக்கு. அமைதியான அறையிலும் கழற்றப் பயமாக இருந்தால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

8. வெளியாள் மென்னா பரவால்ல, அப்பா மென்னாதான் தாங்க முடியல. அப்பா மேல எனக்கு வெறுப்பா?

இல்லை. நெருங்கியவர்களின் ஒலிதான் மோசமாகத் தாக்கும் என்று மிசோபோனியா உள்ள பலரும் சொல்கிறார்கள். ஒரே மேசையில் ஆண்டுக்கணக்கில் கேட்ட ஒலி அது. வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே காத்திருக்கும். அதே சத்தத்தை மனித வாயிலிருந்து வந்ததாக அடையாளம் காணாதபோது எரிச்சல் குறைந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நீங்களே மெல்லும்போது தொல்லை இல்லாததற்குக் காரணம், அந்த ஒலி எப்போது வரும் என்று உங்கள் மூளைக்கு முன்பே தெரியும். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதனால்தான்.

9. வீட்ல எல்லாரும் ஒன்னா சாப்பிடணும்னு அம்மா பிடிவாதம். என்ன செய்ய?

சாப்பாடு தொடங்குவதற்கு முன்பே பின்னணி ஒலி ஓடட்டும். தொந்தரவு வந்த பிறகு போட்டால் காது ஏற்கெனவே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், தாடை அசைவது கண்ணில் படுவதே சிலருக்குக் கோபத்தைத் தொடங்கிவைக்கும். மேசைமேல் தடித்த துணி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி, உலோகத்துக்குப் பதில் மரக் கரண்டி ஆகியவை சில மணி நேர வேலை, பலன் தினமும். முதலில் 10 நிமிடம் மட்டும் உட்காருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். எழுந்து போக ஒரு சைகை வைத்துக்கொண்டால் யாரும் "என்ன ஆச்சு" என்று கேட்க வேண்டியதில்லை.

"மெதுவா மெல்லுங்க" என்று சாப்பாட்டுக்கு நடுவே சொல்வது மட்டும் வேண்டாம். சொன்னவருக்கும் பலனில்லை, கேட்டவர் அன்றிலிருந்து தன் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணத் தொடங்கிவிடுவார். பேச வேண்டியதை வேறு நேரத்தில், வயிறு நிறைந்த பிறகு பேசுங்கள்.

10. சார்ஜர்ல கீச்சுனு சத்தம் வருதுங்கறா. எங்க யாருக்கும் கேக்கல. கற்பனையா?

உண்மையாகவே கேட்கலாம். மின்சுருள்கள் உயர்ந்த அலைவரிசையில் அதிரும்போது கீச்சென்ற ஒலி வரும். குழந்தைகளுக்கு 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். நடுவயதில் 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்பதே பலருக்கு அரிது. அவள் கண்ணில் படாமல் ஒருவர் சார்ஜரைச் செருகியும் எடுத்தும் பார்க்கட்டும், எப்போது ஓடுகிறது என்று அவள் சொல்லட்டும். சரியாகச் சொன்னால் சார்ஜரை மாற்றுங்கள், அல்லது படுக்கையறைக்கு வெளியே செருகுங்கள்.

11. சட்டை டேக்க வெட்டிட்டேன், இன்னும் மோசமா குத்துது.

கத்தரியால் வெட்டினால் மிஞ்சும் விளிம்பு விறைத்துக்கொண்டு தோலில் குத்தும். தையல் பிரிக்கும் கருவியால் டேக்கைப் பிடித்திருக்கும் தையலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து உருவுங்கள். டேக் காலர்த் தையலுக்குள்ளேயே போயிருந்தால் பிரிக்காதீர்கள், காலரே பிரிந்துவிடும். ஒட்ட வெட்டி, அதன்மேல் பழைய பனியன் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்துவிடுங்கள். டேக் போன பிறகும் உறுத்தினால் மடிப்புத் தையல்களை விரலால் தடவிப் பாருங்கள். மீன்பிடி நரம்பு போன்ற நைலான் நூலின் முனை எங்காவது நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்துப் பருத்தி நூலில் தைத்தால் தீர்ந்தது.

புதுத் துணியின் மொடமொடப்பு போக இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே போடுங்கள். சோப்பு எச்சம் தங்காமல் ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். கொடியில் காய்ந்து விறைத்த துணியை உதறிக் கைகளுக்கிடையே கசக்கினால் இளகும். கம்பளியில் குத்துவது இழையின் தடிமன்: 30 மைக்ரானைவிடத் தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கே குத்தும்.

வாங்கும்போது துணியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது வீண். முடியில்லாத அந்தத் தோலுக்குக் குத்தல் சரியாகத் தெரியாது. கழுத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்ட உடையில் இரண்டு மூன்றும், குழந்தையாக இருந்தால் அடுத்த அளவிலும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடுத்த முறை துணியை மாற்றியிருப்பார்கள்.

12. இறுக்கி கட்டிப்பிடிச்சா சிரிக்கறான், தலைய லேசா தடவினா கத்தறான். இது என்ன முரண்?

முரண் இல்லை. லேசாக ஊர்ந்துபோகும் தொடுதலும் அழுத்தமாக நிற்கும் தொடுதலும் வெவ்வேறு நரம்பு இழைகள் வழியாகப் போகின்றன. பூச்சி ஊர்ந்தால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும், அந்த எச்சரிக்கை இவனுக்குத் தடவலிலேயே அடிக்கிறது. தொடும் முன் சொல்லுங்கள், முன்பக்கமாக வாருங்கள், முழு உள்ளங்கையையும் தோளில் வைத்து அசைக்காமல் அழுத்துங்கள்.

அன்றாட வேலைகளிலும் இதே விதிதான். குளித்த பின் துண்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள். நகத்தை வெந்நீரில் ஊறிய பிறகு, விரல் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். முடி வெட்டுவதற்கு முன் தலையை இரண்டு நிமிடம் அழுத்திவிடுங்கள். அதிரும் இயந்திரத்துக்குப் பதில் கத்தரி, கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்ட உடனே ஒரு மாற்றுச் சட்டை. பல் தேய்க்கும்போது துப்பிவிடுவது பற்பசையின் நுரைக்காகவும் இருக்கலாம். நுரை வராத பசையும் சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷும் முயன்று பாருங்கள்.

13. கொழகொழன்னு இருந்தா வாயிலயே வைக்க மாட்டேங்கறா. பிடிச்சதுக்குள்ள ஒளிச்சு வச்சு குடுக்கலாமா?

கூடாது. கண்டுபிடித்துவிட்டால் பிடித்த உணவையும் சேர்த்து இழப்பீர்கள். மாறாக, ஏற்றுக்கொண்ட ஒன்றில் ஒரே ஒரு தன்மையை மட்டும் மாற்றுங்கள். மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு பிடித்தால் முதலில் வடிவம், பிறகு தடிமன், அதற்குப் பிறகே உள்ளே கொஞ்சம் மென்மை. புது உணவு மேசையில் இருப்பது, தட்டுக்கு வருவது, விரலால் தொடுவது, முகர்வது, உதட்டில் படுவது எல்லாமே தனித்தனிப் படிகள். ஒரு படி பத்துப் பதினைந்து முறைகூட எடுக்கும்.

எடை குறைந்தாலோ, வளர்ச்சி நின்றாலோ, சாப்பிடும் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கினாலோ இதை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அது சிகிச்சை தேவைப்படும் உணவுத் தவிர்ப்புக் கோளாறாக இருக்கலாம்.

14. எடைப் போர்வை வாங்கலாமா?

உள்ளே மணிகள் போன்றவற்றை நிரப்பிக் கனமாக்கிய போர்வை இது. 12ஆம் பதிலில் சொன்ன அழுத்தம் பிடிப்பவர்களுக்கு இதமாக இருக்கும். தூக்கம் கூடும் என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் தூக்கத்தின் அளவு கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. தானாகத் தள்ளிவிட முடியாத குழந்தைக்கும், மூச்சுக் கோளாறு உள்ளவருக்கும் போடக் கூடாது. கைக்குழந்தைக்கு எக்காரணத்தாலும் கூடாது. தலையை மூடவும் கூடாது.

15. எப்ப உடனே டாக்டர்ட்ட போகணும்?

ஒரு காதில் திடீரென்று கேட்பது குறைந்தால் அன்றே. சில நாள் தாமதித்தாலும் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறைந்துவிடும். முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள், பக்கவாதம் இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பக்கவாதமாக இல்லாத முகவாதத்தில், பலத்த ஒலியை மட்டுப்படுத்தும் காதுத் தசையும் செயலிழப்பதால் ஒலி தாங்காமல் போவதுண்டு. தலையில் அடிபட்ட பிறகு தொடங்கினாலும், பலத்த ஒலி கேட்டால் தலை சுற்றினாலும், சொந்தக் கண் அசைவின் ஒலியே காதில் கேட்டாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தோலில் ஒரு பகுதியில் மட்டும் துணி பட்டாலே எரிந்தால் அக்கி அல்லது நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். தலை சீவவே வலிக்கிறது, கூடவே தலைவலியும் என்றால் ஒற்றைத் தலைவலியைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றுக்கு டேக் வெட்டுவதெல்லாம் மருந்தாகாது.

16. தினமும் கேட்டா பழகிடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. வேணும்னே முன்னாடி உக்காந்து மெல்றாங்க.

நிறுத்தச் சொல்லுங்கள். ஹைப்பரகூசிஸில் படிப்படியாக ஒலிக்குப் பழக்குவது உண்மையான சிகிச்சைதான். ஆனால் அது மெல்லிய, இதமான ஒலியில் தொடங்கும், எப்போது நிறுத்துவது என்பது நோயாளியின் கையில் இருக்கும், மாதக்கணக்கில் நடக்கும். மிசோபோனியாவில் வலுக்கட்டாயமாகக் கேட்க வைத்தால் அந்த ஒலியோடு கோபமும் அவமானமும் சேர்ந்து இன்னும் இறுகும்.

17. மாத்திரை இருக்கா?

மிசோபோனியாவுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து கிடையாது. கூடவே இருக்கும் பதற்றத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ மருந்து எடுத்தால் இதுவும் கொஞ்சம் தணியலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பயிற்சியால் மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சைக்குச் சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் 54 பேரிடம் நடந்த ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 37 சதவீதம் பேர் தேறினார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. பாதிக்கு மேற்பட்டோருக்குப் போதவில்லை என்றும் அதைப் படிக்கலாம், ஆகவே "நூறு சதவீதம் குணம்" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். தொடு உணர்வுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) அணுகுங்கள். உடுத்துவது, சாப்பிடுவது, பல் தேய்ப்பது என்று எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்கு வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் முறையை மாற்றக் கேளுங்கள்.

18. ஆபீஸ்ல சொன்னா கிண்டல் பண்ணுவாங்களே?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, வேண்டியதைக் கேளுங்கள். சுவரை ஒட்டிய இருக்கை, அச்சு இயந்திரத்திலிருந்து தள்ளி, கவனம் தேவைப்படும் வேலைக்கு ஹெட்ஃபோன் அனுமதி. மூன்றுக்கு மேல் வேண்டாம். "இரண்டு வாரம் பார்ப்போம்" என்று கேட்டால் மறுப்பது கடினம். தேர்வு எழுதும் மாணவருக்குத் தனி அறையோ காதடைப்பானோ வேண்டுமென்றால் சான்றிதழ் கேட்பார்கள், அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

19. எனக்கு சத்தமே ஆகாது. என் பையன் நாள் முழுக்க ம்ம்ம்னு முனகிக்கிட்டே இருக்கான். ரெண்டு பேரும் ஒரே வீட்ல எப்படி?

இங்கே இருவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறீர்கள்: தன்னை நிதானப்படுத்திக்கொள்வது. அந்த முனகல் அவன் தாடையிலும் மார்பிலும் அதிர்வு தருகிறது. வெறுமனே தடுத்தால் வேறு வழியில், பெரும்பாலும் இன்னும் சத்தமாக, வெளிவரும். அதே அதிர்வையும் அழுத்தத்தையும் சத்தமில்லாமல் தருவதைத் தேடுங்கள். கடிக்கும் சிலிக்கான் வளையம், தடித்த பானத்தை உறிஞ்ச மெல்லிய ஸ்ட்ரா, அதிரும் மெத்தைத் தலையணை.

உங்கள் பக்கத்தில், அவன் அதிகம் முனகும் நேரத்தைக் குறித்து அப்போது மட்டும் வடிகட்டி அடைப்பான் போடுங்கள். மற்ற நேரத்துக்கு 7ஆம் பதிலின் எச்சரிக்கை பொருந்தும். கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள், மூடிய கதவின் தடுப்பில் பெரும்பகுதி வீணாவது அங்கேதான். நீங்கள் களைத்து வரும் முதல் அரைமணி நேரம் அவன் வேறு அறையில், அல்லது வேறு ஒருவரோடு வெளியே. அந்த அரைமணியை முடிந்தவரை தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் அவனும் ஒத்துழைப்பான்.